பிரிட்டனில் பல்கலைக்கழகக் கட்டணமும் மாணவர் கடனும்: வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்டில் ஏ-லெவல் முடிவுகள் வந்ததும் பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் கிளம்புகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை தொகுத்திருக்கிறோம். கட்டணமும் வாழ்க்கைச் செலவுக் கடனும் 2025-26 கல்வியாண்டுக்கு உரியவை. சம்பளத்தில் பிடிக்கும் வரம்புகள் 2026 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு உரியவை. வேறாகச் சொல்லாத இடமெல்லாம் இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மற்ற மூன்று நாடுகளுக்குக் கேள்வி 13-ஐப் பாருங்கள்.

1. வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு? எல்லா யூனிவர்சிட்டியிலும் ஒரே காசுதானா?

உள்நாட்டு மாணவருக்கு முழுநேர இளநிலைப் படிப்பின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. 2026-27-ல் இது 9,790 ஆகிறது. சட்டப்படி இது உச்சவரம்புதான் என்றாலும், ஆக்ஸ்போர்டாக இருந்தாலும் ஊர்ப்பெயரே கேள்விப்படாத பல்கலைக்கழகமாக இருந்தாலும் பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான் வாங்குகிறார்கள். கட்டணத்தைப் பார்த்துத் தரத்தை எடைபோட முடியாது.

குறைவாக வரும் ஆண்டுகளும் உண்டு. வகுப்பறைப் பாடங்களுக்கான ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்த ஆண்டு) உச்சம் 5,760. நிறுவனத்தில் வேலை பழகும் ஆண்டுக்கு 1,905. வெளிநாட்டில் படிக்கும் ஆண்டுக்கு 1,430. சேர்ந்த வருடக் கட்டணமே கடைசி வரை இருக்கும் என்று எண்ண வேண்டாம். வரம்பு உயர்ந்தால் நடுவில் படிப்பவர்களுக்கும் உயர்த்தலாம் என்று பல பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். சேர்க்கையை உறுதி செய்யுமுன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

2. அந்தக் காசை செப்டம்பரில நாங்கள் கையில வச்சிருக்கோணுமோ?

வேண்டாம். கடன் இரண்டு வகை. கட்டணக் கடனை கிளாஸ்கோவில் இயங்கும் ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனி நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிடும்: முதல் பருவத்தில் 25 சதவீதம், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 50. இந்தப் பங்கீட்டை நினைவில் வையுங்கள், கேள்வி 11-ல் தேவைப்படும்.

வாழ்க்கைச் செலவுக் கடன் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு மூன்று தவணையாக வரும். பல்கலைக்கழகத்தில் பதிவு முடித்த பிறகுதான் முதல் தவணை விடுவிக்கப்படும். விடுதி முன்பணம், பானை சட்டி, முதல் வாரச் சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். அந்தச் சில நூறு பவுண்டுகளை வீட்டில் எடுத்துவைக்க வேண்டும்.

3. வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் லோன் குடுப்பாங்களா?

கட்டணக் கடனுக்கு வருமானம் பார்ப்பதில்லை. வாழ்க்கைச் செலவுக் கடனுக்குப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து போய்வருபவருக்கு உச்சம் 8,877 பவுண்டு, லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தால் 10,544, லண்டனில் தங்கிப் படித்தால் 13,762. குடும்ப வருமானம் 25,000 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இந்த முழுத் தொகை. வருமானம் ஏற ஏறக் கடன் சுருங்கும். லண்டனுக்கு வெளியே தங்குபவருக்கு அடிமட்டத் தொகை 4,915.

அந்த 25,000 என்ற கோடு 2008-லிருந்து அசையவில்லை. இந்த முழு ஏற்பாட்டிலும் மிகப் பெரிய அநீதி இதுதான் என்பது எங்கள் கருத்து. கடையில் முழுநேரமும் பள்ளிச் சமையலறையில் பகுதிநேரமுமாக உழைக்கும் தாய் தகப்பனின் சேர்ந்த வருமானம் இன்று சுலபமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. அவர்களை வசதியானவர்கள் என்று கணக்கு சொல்கிறது. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே உள்ள 5,629 பவுண்டை வீடு தரும் என்பதுதான் அரசின் எண்ணம். ஆனால் உங்களுக்கு வரும் கடிதத்தில் ‘பெற்றோர் தர வேண்டியது இவ்வளவு’ என்று ஒரு வரி இருக்காது. நீங்களே உச்சத் தொகையிலிருந்து கிடைத்த தொகையைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முழுக் கடன் கிடைத்தாலும் போதாது. உயர்கல்விக் கொள்கை ஆய்வகமான ஹெப்பி 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் கௌரவமாக வாழ ஆண்டுக்கு 18,632 பவுண்டு வேண்டும். பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போய்ப் படிப்பைக் கோட்டை விடுவதன் மூலகாரணம் இந்தப் பள்ளம்.

4. அப்ளை பண்றப்ப எங்கதான் சிக்குது?

விண்ணப்பம் வழக்கமாக வசந்தத்தில் திறக்கும். பல்கலைக்கழக இடம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மே நடுப்பகுதிக்குள் அனுப்பினால் செப்டம்பரில் காசு கையில் இருக்கும். தாமதமானாலும் கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தானாகத் தொடராது. பெற்றோர் தனியாக ஒரு கணக்குத் திறந்து தங்கள் வருமானத்தைச் சேர்க்க வேண்டும். பிள்ளை விண்ணப்பித்துவிட்டு, பெற்றோர் பகுதி நிரப்பப்படாமல் கிடப்பதால்தான் பல வீடுகளில் அடிமட்டத் தொகை மட்டும் வந்து சேர்கிறது.

பார்க்கப்படுவது இரண்டு நிதியாண்டுக்கு முந்தைய வருமானம். 2026 செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு 2024-25 வருமானம். அதற்குப் பிறகு வேலை போயிருந்தாலோ கடையை மூடியிருந்தாலோ, வருமானம் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் நடப்பாண்டு வருமானத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோரின் ஓய்வூதியப் பங்களிப்பு கழிக்கப்படும். வீட்டில் அவர்களை நம்பியிருக்கும் மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,130 பவுண்டு கழியும். தாய் தகப்பன் பிரிந்திருந்தால் பிள்ளை யாருடன் இருக்கிறதோ அவருடைய வருமானம், அவருக்குத் துணை இருந்தால் அவருடையதும் சேர்த்து.

நம் ஆட்களுக்கென்று இருக்கும் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால், வங்கியில் பின்னால், தேசியக் காப்பீட்டுப் பதிவில் ஒரு எழுத்து வித்தியாசம் என்று இருந்தால் சரிபார்ப்பு நின்றுவிடும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே அதே பெயருக்கு மாற்றிவையுங்கள். இன்னொன்று: வருமான விவரத்தைப் பல்கலைக்கழகத்தோடு பகிரச் சம்மதமா என்ற கேள்விக்குச் சம்மதம் கொடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையை அந்தத் தரவைப் பார்த்துத்தான் தருகின்றன. ‘எங்கட வருமானம் அவங்களுக்கு ஏன்’ என்று மறுத்தால் அந்தக் காசு போய்விடும்.

5. திருப்பிக் கட்டுறது எப்ப தொடங்கும், மாசம் எவ்வளவு?

2023 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியவர்கள் பிளான் 5 என்ற திருப்பிக் கட்டும் விதித்தொகுப்பில் வருவார்கள். படிப்பை முடித்த பிறகு வரும் ஏப்ரலில் கடன் உயிர்பெறும். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டுக்கு மேல் போனால், மேலே உள்ள பகுதிக்கு மட்டும் 9 சதவீதம். 30,000 சம்பளத்தில் மாதம் ஏறக்குறைய 37 பவுண்டு, 40,000-ல் 112, 50,000-ல் 187. முதலாளியே வரியோடு சேர்த்துப் பிடித்துக் கட்டிவிடுவார். கடன் 20,000 ஆனாலும் 70,000 ஆனாலும் மாதப் பிடித்தம் ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது சம்பளம் மட்டுமே.

வேலை போனாலோ சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கினாலோ பிடித்தம் நிற்கும். 40 ஆண்டு கழிந்ததும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி.

6. பெரியவன் 2019-ல சேர்ந்தான், சின்னவள் 2024-ல. ரெண்டு பேருக்கும் ஒரே விதியா?

இல்லை. 2012 செப்டம்பருக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் சேர்ந்தவர்கள் பிளான் 2. அவர்களுக்கு வரம்பு 29,385 பவுண்டு, தள்ளுபடி 30 ஆண்டில். 1998 முதல் 2012 கோடை வரை சேர்ந்தவர்கள் பிளான் 1: வரம்பு 26,900. அதில் 2006-க்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 25 ஆண்டில் தள்ளுபடி, முந்தையவர்களுக்கு 65 வயதில். எல்லாருக்கும் பிடித்தம் 9 சதவீதம்தான்.

இருவரும் 40,000 சம்பளம் வாங்கினால் அண்ணனுக்கு மாதம் சுமார் 79 பவுண்டும் தங்கைக்கு 112-ம் போகும். தங்கைக்குப் பத்து ஆண்டு கூடுதலாகவும் போகலாம். வட்டியில் மட்டும் தங்கைக்கு லாபம் (கேள்வி 7).

கையெழுத்துப் போட்டபோது இருந்த விதி கடைசிவரை நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2012-ல் சேர்ந்தவர்களுக்கு வரம்பு சம்பள உயர்வோடு சேர்ந்து ஏறும் என்று சொல்லப்பட்டது. 2015 நவம்பரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதை 21,000-ல் உறைய வைத்தார். 2017-ல் பிரதமர் தெரசா மே அந்த முடிவை மாற்றி, 2018 ஏப்ரலில் 25,000 ஆக்கினார். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பிளான் 2 வரம்பை 2027 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டுக்கு மறுபடி உறைய வைப்பதாக அறிவித்தார். சம்பளம் ஏறி வரம்பு அப்படியே நின்றால், ஒவ்வொரு சம்பள உயர்விலும் கூடுதலாக ஒரு துண்டு கடனுக்குப் போகும். எந்த வங்கியும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிவிட்டு நிபந்தனையைப் பிறகு இப்படி மாற்ற முடியாது. அரசு மாற்றுகிறது, இது தவறு.

7. கட்டிக்கொண்டே இருக்கிறேன், பாக்கி குறையாமல் ஏறுதே. வட்டி எவ்வளவுதான்?

பிளான் 5-ல் வட்டி, சில்லறை விலைவாசி உயர்வு விகிதமான ஆர்பிஐ அளவுக்கு மட்டும்: 2025 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 3.2 சதவீதம். பிளான் 2-ல் சம்பளத்தைப் பொறுத்து அதற்கு மேல் 3 சதவீதம் வரை கூடும், அதாவது அதே காலத்துக்கு 6.2 வரை. படிக்கும் காலத்திலேயே, முதல் தவணை போன நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

லண்டனுக்கு வெளியே தங்கி, முழு வாழ்க்கைச் செலவுக் கடனும் எடுத்து மூன்று ஆண்டு படித்தவருக்கு, 2025-26 தொகைப்படி அசல் மட்டும் 60,237 பவுண்டு. 3.2 சதவீதத்தில் முதல் வருட வட்டி 1,900-ஐத் தாண்டும். அந்த வட்டியைக் கட்டவே ஆண்டுச் சம்பளம் 46,000-க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே சம்பாதிக்கும் வரை பாக்கி ஏறிக்கொண்டுதான் இருக்கும். எங்கும் பிழை நடக்கவில்லை, ஏற்பாடே அப்படி. பாக்கி ஏறுவதால் மாதப் பிடித்தம் ஒரு பென்னிகூட ஏறாது; எத்தனை ஆண்டு கட்டப்போகிறோம் என்பதைத்தான் அது பாதிக்கும்.

8. பிள்ளை கடனோட வெளிக்கிடக்கூடாது. நகையை வச்சோ சீட்டை எடுத்தோ ஃபீஸை முழுசாக் கட்டிவிடலாமோ?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பாசத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கடன் வாங்கியோ அடகு வைத்தோ கட்டணத்தைக் கட்டாதீர்கள். நகைக்கடனுக்கும் வீட்டின் மேல் எடுக்கும் கூடுதல் கடனுக்கும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை உண்டு. மாணவர் கடனுக்கு வேலை இல்லாத மாதத்தில் தவணை இல்லை, அடைக்காத மிச்சத்துக்குத் தள்ளுபடி உண்டு. பாதுகாப்பான கடனை அடைக்கப் பாதுகாப்பில்லாத கடனை எடுப்பதாகிவிடும்.

கையில் சேமிப்பு இருந்தாலும் ஒரு கணக்குப் போடுங்கள். ஓராண்டுக் கட்டணமான 9,535-ஐக் கட்டினால் பிள்ளையின் மாதப் பிடித்தம் குறைவதில்லை. 40,000 சம்பளத்தில் அதே 112 பவுண்டு போய்க்கொண்டுதான் இருக்கும். 40 ஆண்டுக்குள் கடனை அடைத்து முடிக்கும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத்தான் கடைசிச் சில ஆண்டுப் பிடித்தம் மிச்சமாகும். பிளான் 5-ல் பாதிக்கு மேற்பட்டவர்கள் முழுவதும் அடைப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. ஆகவே மருத்துவம், நிதித்துறை மாதிரி தொடக்கத்திலிருந்தே நல்ல சம்பளம் வரும் வழிக்குப் போகிறவருக்கு முன்பணம் கட்டுவது முட்டாள்தனம் இல்லை. ஆசிரியர், சமூகப் பணி, கலைத்துறை என்று போகிறவருக்கோ, பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டு வேலையை விடுபவருக்கோ, அந்தக் காசு தண்ணீரில் போட்டதாகலாம்.

அவசரமும் இல்லை. கடனை எடுத்துக்கொண்டு, பிள்ளை வேலைக்குப் போய்ச் சில ஆண்டு கழித்து நிலைமை தெரிந்த பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் அபராதமில்லாமல் சேர்த்துக் கட்டலாம். ஆனால் விரும்பிக் கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது. கையில் இருக்கும் சேமிப்பு இன்று உதவ வேண்டிய இடம் கேள்வி 3-ல் சொன்ன பள்ளம்: வாடகை, சாப்பாடு, மடிக்கணினி. அடுத்தது, பிள்ளை வீடு வாங்கும்போது வைக்க வேண்டிய முன்பணம்.

9. பிள்ளை கட்டாட்டி எங்களைத் தேடி வருவாங்களா?

வரமாட்டார்கள். கடன் மாணவரின் பெயரில் மட்டும். பெற்றோர் உத்தரவாதக் கையெழுத்துப் போடுவதில்லை, வருமான விவரம் மட்டும்தான் தருகிறார்கள். மாணவர் இறந்தாலோ, நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல்நிலைக்கு ஆளானாலோ கடன் தள்ளுபடி ஆகும். தனியார் விடுதி வாடகைக்குப் போடும் உத்தரவாதக் கையெழுத்து முற்றிலும் வேறு. அதில் உங்களைத் தேடி வருவார்கள்.

10. இந்தக் கடன் இருந்தா பிறகு மோட்கேஜ் கிடைக்குமோ?

கிடைக்கும். கடன் வரலாற்றுக் கோப்பில் இது பதிவாவதில்லை. ஆனால் வங்கி மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்கும், அதில் பிடித்தம் தெரியும். மாதம் 112 பவுண்டு குறைவாகக் கையில் வருகிறது என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, தரும் தொகையை அதற்கேற்பக் குறைக்கும். 60,000 கடன் என்ற எண்ணைப் பார்த்து நிராகரிப்பதில்லை.

11. முதல் வருஷம் பிடிக்காமல் விட்டுட்டா? வேற பாடத்துக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் நாட்களைக் கணக்கில் வையுங்கள். கேள்வி 2-ல் சொன்ன 25, 25, 50 பங்கீடுதான் பொறுப்பும். முதல் பருவத்தில் விலகினால் 25 சதவீதக் கட்டணம், இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டால் 50, மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டால் முழுவதும். ‘ஈஸ்டர் விடுமுறை முடிந்து சொல்லலாம்’ என்று தள்ளிப்போட்டால் அரை ஆண்டுக் கட்டணம் கூடுதலாகக் கடனில் ஏறும். வகுப்புக்குப் போகாமல் இருப்பது விலகல் ஆகாது. பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் சொல்லித் தேதி பதிவாக வேண்டும். விலகிய பிறகான நாட்களுக்கு வந்த வாழ்க்கைச் செலவுக் கடனைச் சம்பளத்துக்குக் காத்திராமல் உடனே திருப்பிக் கேட்கலாம்.

அடுத்த படிப்புக்கான கட்டணக் கடனுக்கு ஒரு சூத்திரம் உண்டு: புதிய படிப்பின் ஆண்டுகள், கூட்டல் ஒன்று, கழித்தல் ஏற்கெனவே படித்த ஆண்டுகள். ஓராண்டில் விட்டு மூன்றாண்டுப் படிப்புக்கு மாறினால் 3+1−1, மூன்று ஆண்டுக்கும் கடன் உண்டு. இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறினால் 3+1−2, இரண்டு ஆண்டுக்கு மட்டும். கடன் கிடைக்காத அந்த ஓராண்டு புதிய படிப்பின் முதல் ஆண்டாக இருக்கும், கட்டணம் கைக்காசு. சில நாள் மட்டும் படித்த ஆண்டும் முழு ஆண்டாகவே எண்ணப்படும். நோய், குடும்பத்தில் மரணம் போன்ற வலுவான காரணத்தால் விட்டிருந்தால் மருத்துவக் கடிதத்தோடு விண்ணப்பித்துக் கூடுதல் ஆண்டு கேட்கலாம். அந்தச் சான்றை விலகும்போதே வாங்கிவையுங்கள், பிறகு தேடினால் கிடைப்பது கடினம்.

12. எங்களுக்கு ஐஎல்ஆர் இன்னும் வரல. பொண்ணு இங்கதான் வளர்ந்தா. லோன் கிடைக்குமா?

பெரும்பாலானோருக்குப் பொருந்தும் விதி: படிப்பின் முதல் கல்வியாண்டின் முதல் நாளன்று நிரந்தர வதிவுரிமை (ஐஎல்ஆர்) அல்லது குடியுரிமை இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் இங்கே வழமையாக வசித்திருக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்புக்கு அந்த நாள் செப்டம்பர் 1, வகுப்பு தொடங்கும் நாள் அல்ல. திறன்பணி விசாவில் வந்த பெற்றோரோடு சார்ந்திருப்பவராக வாழும் பிள்ளைக்குப் பொதுவாகக் கடனும் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணம். அதற்கு உச்சவரம்பே இல்லை; உள்நாட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சாதாரணம். ஐஎல்ஆர் செப்டம்பர் 1-க்குச் சற்றுப் பிந்தி வரும் என்று தெரிந்தால், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஓராண்டுப் பொறுமை பல்லாயிரம் பவுண்டை மிச்சப்படுத்தும்.

இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு வாசல் உண்டு. ஆறு வயதில் ஜாம்பியாவிலிருந்து வந்த பியூரிஷ் டிகேரே என்ற மாணவி தொடுத்த வழக்கில் 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நிரந்தர வதிவுரிமை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடனை மறுத்தது அவருடைய உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த விதி: 18 வயதுக்குக் கீழ் என்றால் ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 18-ம் அதற்கு மேலும் என்றால் வாழ்நாளில் பாதி அல்லது இருபது ஆண்டு. கூடவே கடைசி மூன்று ஆண்டு சட்டப்படியான வசிப்பும் வேண்டும். இதைப் பல பள்ளிகளே பிள்ளைகளிடம் சொல்வதில்லை. உடைந்த விசா காலங்கள் இருந்தால் குடிவரவுச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்பு இல்லை. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களுக்குக் கடன் கிடைக்காது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கென்றே ‘சாங்க்சுவரி’ உதவித்தொகை வைத்திருக்கின்றன. இடங்கள் மிகக் குறைவு, கடைசித் தேதி முன்னதாகவே வரும்.

13. ஸ்காட்லாந்தில ஃப்ரீயாமே. அங்க அனுப்பினா கட்டணம் இல்லையா?

எந்த நாட்டில் படிக்கிறார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எங்கே வழமையாக வசிக்கிறார் என்பதைப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வசிப்பவர் அங்கேயே படித்தால் 1,820 பவுண்டு கட்டணத்தை அந்த அரசு அமைப்பான சாஸ் கட்டும். அதற்கும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்துப் பிள்ளை எடின்பரோ போனால் 9,535 வரை கட்டணம். அங்கே படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு, அதனால் கடன் கூடும். படிப்புக்காகவே வீடு மாறியதாகத் தெரிந்தால் அந்த வசிப்பு செல்லாது. ஸ்காட்லாந்துக் கடன் பிளான் 4, வரம்பு 33,795.

வட அயர்லாந்தில் வசிப்பவர் அங்கேயே படித்தால் 4,855 பவுண்டு. வேல்ஸில் கட்டணம் இங்கிலாந்து அளவுதான், ஆனால் வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதி திருப்பித் தர வேண்டாத மானியமாக வரும்.

14. வட்டி எங்களுக்கு ஹராம். கடனில்லாமல் பட்டம் எடுக்க வழி இருக்கா?

ஷரியாவுக்கு ஏற்ற மாற்று நிதி பற்றி அரசு 2014-ல் கருத்துக் கேட்டது, 2017 உயர்கல்விச் சட்டத்தில் அதற்கு அதிகாரமும் எடுத்துக்கொண்டது. இன்னும் ஒரு மாணவருக்கும் அது கிடைக்கவில்லை. பத்து ஆண்டுக்கு மேலாகப் பக்தியுள்ள முஸ்லிம் பிள்ளைகள் கல்வியையும் நம்பிக்கையையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

இன்று உண்மையாகக் கடனில்லாத வழி, ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப். கட்டணம் மாணவருக்கு இல்லை, சம்பளமும் உண்டு, நான்கைந்து ஆண்டில் முழுப் பட்டம். போட்டி கடுமை, விண்ணப்பம் முதலாளியிடம், அதுவும் பன்னிரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். தாதியர் போன்ற சுகாதாரப் படிப்புகளுக்கு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் தருகிறது, அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

15. ஒரு ஏஜென்ட் சொல்றார்: சும்மா பேரைப் பதிஞ்சா வருஷத்துக்குப் பத்தாயிரம் கையில வரும், கிளாஸுக்கும் போகத் தேவையில்லையாம். உண்மையா?

அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறு நிறுவனம் பாடம் நடத்தும் ஃப்ரான்சைஸ் படிப்புகளில் இந்த மோசடி நடக்கிறது என்பதை 2024 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகமே அறிக்கையாக வெளியிட்டது. வருகை இல்லையென்று தெரிந்தால் காசு நிற்கும், வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். கட்டணக் கடனும் உங்கள் பெயரில் ஏறியிருக்கும். கேள்வி 11-ன் சூத்திரப்படி உங்கள் கடன் ஆண்டுகளும் தீர்ந்துபோகும், நாளை உண்மையாகப் படிக்க நினைத்தாலும் வழியிருக்காது.

16. சம்பளத்தில அதிகமாப் பிடிச்சுட்டாங்க. திரும்ப வாங்க முடியுமா?

முடியும். வரம்பு மாதக் கணக்கில் பார்க்கப்படுகிறது: பிளான் 5-க்கு மாதம் சுமார் 2,083 பவுண்டு. ஆண்டு வருமானம் 22,000 ஆக இருந்தாலும், போனஸ் வந்த மாதம் அந்தக் கோட்டைத் தாண்டினால் பிடித்துவிடுவார்கள். ஏப்ரல் 5-ல் நிதியாண்டு முடிந்ததும், முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான பி60-ஐப் பாருங்கள். ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் கடன் நிறுவனத்திடம் திருப்பிக் கேட்கலாம். படிப்பு முடிந்து ஏப்ரல் வருமுன்பே பிடித்திருந்தாலும் அப்படித்தான்.

புதிய வேலையில் சேரும் படிவத்தில் எந்த பிளான் என்ற கட்டத்தைத் தவறாகக் குறித்தால் மாதாமாதம் தவறான தொகை போகும். முதல் சம்பளச் சீட்டிலேயே சரிபாருங்கள். கடன் முடியும் தறுவாயில் இன்னொரு கவனம்: நேரடி வங்கிப் பற்றுக்கு (டைரக்ட் டெபிட்) மாறலாம், அப்போது கூடுதலாகப் பிடிபடாது. அதற்கான அழைப்பு பழைய முகவரிக்குப் போகாமலிருக்க, இணையக் கணக்கில் முகவரியைப் புதுப்பித்து வையுங்கள்.

17. மாஸ்டர்ஸுக்கும் லோன் எடுத்தா ரெண்டும் சேர்ந்து எவ்வளவு போகும்?

முதுநிலைக் கடன் மொத்தம் 12,858 பவுண்டு வரை, கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே அதுதான். வரம்பு 21,000, பிடித்தம் 6 சதவீதம், 30 ஆண்டு. இளநிலைப் பிடித்தத்தோடு இது கூடுதலாகப் போகும். 50,270 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் வருமான வரி 40, தேசியக் காப்பீடு 2, இளநிலைக் கடன் 9, முதுநிலைக் கடன் 6 என்று 57 பவுண்டு போய்விடும். சம்பளம் உயர்வதற்காக முதுநிலை படிப்பதென்றால் அந்த உயர்வை இந்தக் கழிவுக்குப் பிறகு பாருங்கள்.

18. முந்தி எல்லாம் சும்மாதானே படிச்சாங்க? இப்ப இவ்வளவு வாங்கியும் யூனிவர்சிட்டி காசில்லை எண்டுறாங்களே?

1962 கல்விச் சட்டத்துக்குப் பிறகு கட்டணமும் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு மானியமும் உண்டு. 1990-ல் மானியத்தோடு கடனும் நுழைந்தது. 1998-ல் டோனி பிளேர் அரசு 1,000 பவுண்டு கட்டணம் கொண்டுவந்தது. 2004-ல் அதை 3,000 ஆக்கும் மசோதா இரண்டாம் வாசிப்பில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்திட்டுத் தேர்தலில் நின்ற லிபரல் டெமாக்ரட் கட்சி ஆட்சியில் பங்கேற்ற பிறகு, 2010 டிசம்பரில் 9,000 நிறைவேறியது. 2016-ல் புதிய மாணவர்களுக்கு மானியம் முற்றாக நீக்கப்பட்டுக் கடனாக மாறியது. மிக ஏழை வீட்டுப் பிள்ளைதான் மிக அதிகக் கடனோடு வெளியே வருகிறது என்ற இன்றைய நிலை அந்த முடிவின் நேரடி விளைவு. 2028-29 முதல் சில பாடங்களுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை மானியம் திரும்பும் என்று அறிவித்திருக்கிறார்கள். நீக்கியபோது இருந்த உச்சம் 3,387.

பல்கலைக்கழகங்கள் சொல்வதும் பொய் இல்லை. கட்டணம் 2017-ல் 9,250 ஆகி 2025 வரை அசையாமல் நின்றது, விலைவாசி நிற்கவில்லை. அரசு மானியம் வெட்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்த கட்டணம் இது. உள்நாட்டு மாணவருக்குப் பாடம் நடத்தும் நட்டத்தை வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தால் ஈடுகட்டி வந்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் போனதும் அந்த வரவும் சரிந்தது. ஆக, பிள்ளைகளின் கடனும் ஏறுகிறது, துறைகளும் மூடப்படுகின்றன. சேரும் துறை நிலையாக இருக்குமா என்று திறந்தநாளில் நேராகவே கேளுங்கள். மூடினால் மாணவருக்கு என்ன வழி என்பதைச் சொல்லும் பாதுகாப்புத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடிப் படியுங்கள்.

19. படிச்சு முடிச்சு துபாய்க்கோ சென்னைக்கோ போயிட்டா கட்ட வேண்டாமா?

கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாடு போனால் கடன் நிறுவனத்துக்குச் சொல்லி, வருமான விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். வரம்பு அந்தந்த நாட்டின் விலைவாசிக்கேற்ப மாறும். இந்தியா, இலங்கை மாதிரி செலவு குறைந்த நாடுகளுக்கு வரம்பு பிரிட்டனைவிடத் தாழ்வு. சம்பளத்திலிருந்து தானாகப் பிடிக்க அங்கே ஆள் இல்லாததால் நீங்களே மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

படிவம் நிரப்பாவிட்டால் உங்கள் உண்மையான சம்பளத்தைப் பார்க்காமல் ஒரு நிலையான மாதத் தொகையை விதித்துவிடுவார்கள். சென்னையில் தொடக்கச் சம்பளம் வாங்குபவருக்கு அது தாங்காது. கட்டாமல் சேர்ந்தது நிலுவையாக நிற்கும், நிலுவை உள்ளவருக்குத் தள்ளுபடியும் சிக்கலாகும். விமானம் ஏறுமுன் இணையக் கணக்கில் மின்னஞ்சலையும் வெளிநாட்டு முகவரியையும் மாற்றிவிட்டு, புதிய வேலையின் நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் படிவத்தோடு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை அதையே புதுப்பிக்க வேண்டியிருக்கும்.